லட்சுமிக்கு முகம் வராத வாரம்

என் லேப்டாப்பை யாராவது புகழ்ந்தால் எனக்கு எரிச்சல் வரும். பட்டறைக்கு வருகிறவர்கள் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "அடேங்கப்பா, என்னா கனம்!" என்பார்கள். கனமான சாமான் நல்ல சாமான் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். நானும் அப்படி எண்ணித்தான் அதை வாங்கினேன்.

எனக்கு மரவேலை. காரிமங்கலத்தில் பட்டறை இருக்கிறது. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. முன்பு கதவில் பூவும் கொடியும் உளியால் செதுக்குவேன். இப்போது மிஷின் செதுக்குகிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, முதுகு வலி போனது. மிஷின் என்றால் கட்டில் அளவுக்கு ஓர் இரும்பு மேசை, அதன்மேல் நாலா பக்கமும் நகர்ந்து சுழலும் ஒரு கத்தி. பலகையை மேசையில் இறுக்கி, பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினால் அதுவே செதுக்கும். ஆனால் கத்தி எந்த வழியாகப் போக வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று முன்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவது லேப்டாப். பூ, கொடி என்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் போட்டுவிடும். சாமி உருவம் என்றால் அதற்கு மூச்சு முட்டும்.

முதலில் வைத்திருந்த லேப்டாப் பிள்ளையாரின் தும்பிக்கையிலேயே நின்றுபோகும். அதனால்தான் பெங்களூர் போனேன். கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளைத் துடைத்து விற்கும் கடைகள் அங்கே ஒரு தெரு முழுக்க இருக்கின்றன. கேட்பதற்கென்று சில கேள்விகளை பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக்கூட யோசிப்பேன். கடைக்காரர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து, "இது சும்மா லேப்டாப் இல்ல சார், ஒர்க்ஸ்டேஷன். இன்ஜினியருங்க ஓட்டினது. ஏனு பேக்காதுரூ ஹாக்கி" என்றார். என்ன வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொல்கிறார். அதன் சார்ஜரே ஒரு செங்கல் அளவு இருந்தது. மனப்பாடம் செய்ததில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. தலையாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் சில மாதங்கள் அது நன்றாகத்தான் ஓடியது. பிள்ளையார், முருகன், அன்னப்பறவை எல்லாம் கேட்டவுடன் வந்தன. நான் அதைப் படித்து ஓட்டவில்லை, இடம் பார்த்து ஓட்டினேன். மேலே இடப்பக்கம் மூன்றாவதாக மடித்த காகிதம் போன்ற படம், அதைத் தொட்டால் பலகை வரும். வலப்பக்கம் கீழே கூம்பு போன்ற படம், அது கத்தி. அதற்கடுத்து அலைபோல ஒரு படம், அதை அழுத்தினால் கணக்குத் தொடங்கும். பக்கத்தில் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் உப்பு டப்பா எங்கே, மிளகாய்த்தூள் டப்பா எங்கே என்று கை தானாகப் போகும் இல்லையா, அப்படி.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் வீட்டுக் கதவு வேலை வந்தது அப்போதுதான். எத்தனையோ வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கடைக்குப் பக்கத்திலேயே சாலையைப் பார்த்த மாதிரி சொந்த வீடு கட்டியிருந்தார். தலைவாசலுக்குத் தேக்குக் கதவு. நடுவில் பெரிய பலகையில் தாமரைமேல் உட்கார்ந்த லட்சுமி, இரண்டு பக்கமும் யானை. "லாரிக்காரன் ரோட்ல போறப்ப பிரேக் போட்டுப் பாக்கோணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலோட்டமான முதல் வெட்டு ஒழுங்காக முடிந்தது. கத்தி முதலில் பெரிதாகத் தோண்டி உருவத்தின் மேடு பள்ளத்தை எடுக்கும். பிறகு மெல்லிய கத்தி வந்து கண், மூக்கு, வளையல் எல்லாம் எடுக்கும். முதல் வெட்டு முடிந்த லட்சுமி, ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். இரண்டாவது வெட்டுக்கான கணக்கை லேப்டாப் தொடங்கியது. திரையில் யானை வந்தது, தாமரை வந்தது. முகத்துக்கு வரும்போது திரை கறுத்து, லேப்டாப் அணைந்துவிட்டது.

திரும்பப் போட்டேன். திரும்ப முகத்தில் அணைந்தது. பலகையை மேசையிலிருந்து கழற்றவும் முடியாது. கழற்றினால் மறுபடி அதே இடத்தில் மயிரிழை பிசகாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண் கன்னத்துக்கு இறங்கிவிடும். அதனால் மேசை முழுக்க லட்சுமி படுத்திருக்க, மற்ற வேலைகளும் நின்றன.

ராம் என்கிற மெமரி பத்தவில்லை என்று யூடியூபில் ஒரு பையன் தமிழில் சொன்னான். தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் பாய் ஒருவர் கடையில் ராம் வாங்கினேன். "மிஷினக் கொண்டாங்க மேஸ்திரி, நானே போட்டுத் தர்றேன், ஒருதரம் பாத்தமாதிரியும் ஆச்சு" என்றார். இருக்கட்டுங்க என்று சொல்லி வந்துவிட்டேன். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முன்னால் என் லேப்டாப்பின் கோளாறை விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. ராம் போடும் இடத்துக்கு, லேப்டாப்பின் அடிப்பக்கத்தில், தனியாக ஒரு சின்ன மூடி இருந்தது. அதன் திருகுகள் எள்ளு மாதிரி. கதவுக் கீலுக்குத் திருகு போட்டுப் பழகிய விரலுக்கு அது எங்கே அகப்படும்? ஒன்று உருண்டு மரத்தூளில் விழுந்தது. காந்தம் வைத்துத் தேடி எடுத்தேன். மூடியை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். யானை முன்னைவிட வேகமாக வந்தது, தாமரை வேகமாக வந்தது, முகத்தில் முன்னைவிட வேகமாக அணைந்தது.

என் மனைவிதான் பட்டறையில் எல்லோரிடமும் பேசுவார், விலை சொல்வார், ஆர்டர் வாங்குவார். அன்றைக்கு லேப்டாப்பின் பக்கத்தில் வந்து நின்று காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஏங்க, இதுக்கு சளி புடிச்சிருக்குதா? இப்பிடி இரையுது."

"ஃபேன் சத்தம்."

"நம்ம மோட்டார் கூட இப்பிடி இரையாது. ராம் வாங்கினா செரியாயிரும்னீங்க."

"ஆகல."

"அப்ப லட்சுமணன் ஒண்ணு வாங்கிப் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ஸ்டெபிலைசர் வைத்தேன். சூடாகிறதோ என்று இரண்டு ரீப்பர் கட்டைத் துண்டுமேல் தூக்கி வைத்து, மேசை விசிறியைத் திருப்பி விட்டேன். அது மரத்தூளையும் சேர்த்து வாரி அதன்மேல் அடித்தது. தருமபுரியில் மிஷின் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கணக்கை மட்டும் போட்டுத் தரச் சொல்லி மனைவி போன் செய்தார். ஆடிக்கு முன்னால் எல்லோருக்கும் அவசரம், அவருக்கே கதவுகள் காத்திருக்கின்றன, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

அந்த வாரச் சந்தைக்கு வந்த அக்கா, கையில் காய்ப் பையோடு பட்டறைக்குள் வந்தார். நேராக மிஷினிடம் போய் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி இது, மூஞ்சி எங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி, "வந்துருமுங்க அக்கா, கடசீலதான் மொகம் எடுக்கறது" என்றார்.

"வெள்ளிக்கெழம பால் காய்ச்சறம். பத்திரிகெ குடுத்துட்டேன். அதவுட்டா ஆடி பொறந்துரும். அப்பறம் ஆவணிக்குத்தான். இருக்கற வூட்டுக்காரரு வேற ஆளுக்கு அட்வான்ஸ் வாங்கிட்டாரு. நான் சட்டி பானையத் தூக்கிக்கிட்டு கடையிலயா படுக்கறது?"

"சாதாக் கதவு ஒண்ணு இப்பத்திக்கு மாட்டிக் குடுக்கட்டுங்களா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தலவாசலுக்கு ஒருதரம்தான் மஞ்ச குங்குமம் வெப்பாங்க தம்பி. கல்யாணத்துக்கு இப்பத்திக்கு ஒரு மாப்ளன்னு யாராச்சும் உக்கார வெப்பாங்களா?"

அவர் போன பிறகு மனைவி என் சட்டையை எடுத்து நீட்டினார். "கெளம்புங்க. அந்தப் பெட்டியத் தூக்குங்க. பாய்கிட்ட நான் பேசறேன்."

பாய் லேப்டாப்பைக் கவிழ்த்து, ராம் மூடியை விட்டுவிட்டு முழு அடிப்பலகையையும் கழற்றினார். பின்பக்கம் சூடு வெளியே போகும் சன்னல்போன்ற துவாரங்களை விளக்கு வைத்துப் பார்த்தார். பிறகு விரல் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"என்னா மேஸ்திரி, ஓட்டைய எல்லாம் பட்டி பாத்து அடச்சு வெச்சிருக்கீங்க? வாசமா வேற இருக்கு."

நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். என் மனைவி புடவைத் தலைப்பைச் சரி செய்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் பட்டறையில் பூசை உண்டு. எல்லா மிஷினுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் இட்டு, சாம்பிராணி காட்டுவது மனைவியின் வேலை. லேப்டாப் வந்த புதிதில் அவர் திரையின் நடுவில் பொட்டு வைக்கப் போனார், நான் கத்திவிட்டேன். மூடியில் வைத்தார், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு வைப்பதை நிறுத்திவிட்டார் என்றே எண்ணியிருந்தேன்.

"பின்னாடி யாருக்கும் தெரியாத எடமாப் பாத்து வெச்சேனுங்க" என்றார் மனைவி பாயிடம். "வரிவரியா இருந்துதா, சந்தனம் நல்லா புடிச்சிது."

"அது மூச்சு வுடற மூக்கும்மா."

"அதுக்கு மூக்கு பின்னாடி இருக்கும்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்?"

கடையில் அன்றைக்கும் நாலு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். மனைவி என் பக்கம் திரும்பினார். "ஸ்கிரீன்ல வெக்காத, மூடில வெக்காதன்னு சொன்னீங்களே, இங்க வெய்யின்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? எல்லா மிஷினுக்கும் வெச்சிட்டு, சோறு போடறத மட்டும் வுட்டுட்டுப் போறதா?"

"சாமி கும்புடுங்க, யாரு வேணாங்கறா" என்றார் பாய். "மூக்க அடச்சிட்டுக் கும்புடாதீங்க."

உள்ளே இருந்த விசிறியைக் கழற்றியபோது அதன் பின்னாலிருந்து கம்பளி மாதிரி ஒரு துண்டு வந்தது. வெளியே போக வழியில்லாமல் மரத்தூளும் சாம்பிராணிப் புகையும் ஒன்றாகப் படிந்து இறுகிப் போயிருந்தன. பாய் அதை இடுக்கியில் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். எனக்கு அந்த இடத்தை விட்டு எங்காவது போய்விட வேண்டும்போல இருந்தது. இத்தனை நாள் ராம், ஸ்டெபிலைசர், விசிறி என்று அலைந்ததை நினைக்க நினைக்க எரிந்தது. யார்மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள், புதன்கிழமை காலை, பாய் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். தடவினால் சில்லென்று இருந்தது, சத்தமே இல்லை. "எல்லாம் பக்காவா பண்ணிட்டேன்" என்றார். பட்டறைக்குக் கொண்டுவந்து திறந்தேன்.

மேலே இடப்பக்கம் மூன்றாவது இடத்தில் மடித்த காகிதம் இல்லை. கூம்பும் இல்லை. அலை இருந்த இடத்தில் ஒரு பல்சக்கரம். திரை முழுக்க வெள்ளையாக இருந்தது கறுப்பாகியிருந்தது. யாரோ என் வீட்டுக்குள் புகுந்து, நான் இல்லாத நேரத்தில் சமையலறை அலமாரியை முழுக்க மாற்றி அடுக்கிவிட்டுப் போனதுபோல இருந்தது. ஒரு படத்தைத் தொட்டேன், லட்சுமி தலைகீழாகத் திரும்பினார். இன்னொன்றைத் தொட்டேன், ஒரு யானை காணாமல் போனது. பயந்து கையை எடுத்துவிட்டேன்.

நானாக யாருக்கும் போன் செய்கிற ஆள் கிடையாது. மனைவி அன்றைக்குக் கொடுக்கல் வாங்கல் வேலையாக வெளியே போயிருந்தார். வேறு வழியில்லை, பாய்க்கு அடித்தேன்.

"என்னா மேஸ்திரி, ஜில்லுனு ஓடுதா?"

"ஓடுதுங்க. ஆனா படமெல்லாம் எடம் மாறியிருக்குதுங்க."

"ஆமா, விண்டோஸ், உங்க டிசைன் சாப்ட்வேர் எல்லாம் அப்டேட் பண்ணி வுட்டேன். பழசு ரொம்ப ஸ்லோ. அதுக்குக் காசு வாணாம்."

"பழசே வேணுங்க."

"எங்க கடைல புதுசு போடுன்னு சண்ட போடற ஆளுங்களத்தான் பாத்திருக்கேன். பழசுக்கு நாளைக்கு முழுக்க ஆவும் மேஸ்திரி."

நாளை முழுக்க என்றால் கதை முடிந்தது. எனக்கு வந்த கோபத்தில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "உங்களுக்கு நல்லதுன்னு பட்டத நீங்க பண்ணிட்டீங்க. எங்க வூட்டுல நல்லதுன்னு பட்டதப் பண்ணிட்டாங்க. என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா யாராச்சும்? எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுங்க. எடம் பாத்துத்தான் ஓட்டறேன். இப்ப எடத்த மாத்திட்டீங்க. அங்க ஒரு அம்மா வூடில்லாம நிக்கப் போவுது."

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. பேசி முடித்ததும் போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன். பாய், "வெச்சிராதீங்க. வீடியோ கால் போடுங்க, திரையக் காட்டுங்க" என்றார்.

போனை ஒரு மரக்கட்டையில் சாய்த்து வைத்தேன். அவருக்கு அந்த சாப்ட்வேர் என்ன வேலை செய்யும் என்று தெரியாது. எனக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. நான் ஒவ்வொரு படமாக அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் பக்கத்தில் வரும் எழுத்தைப் படிப்பார். "மெட்டீரியல்னு போட்டிருக்கு." "அது பலகைங்க." "இது டூல்." "அதாங்க கத்தி, அதான் வேணும்." நடுவில் அவர் கடைக்கு ஆட்கள் வந்தார்கள். "இருங்க பாய், இங்க லட்சுமிக்கு மொகம் வெச்சிட்டிருக்கோம்" என்று அவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. மதியத்துக்குள் கணக்கைத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். யானை வந்தது, தாமரை வந்தது, முகமும் வந்தது. திரை அணையவில்லை.

ஆனால் பென்டிரைவைச் செருகியதும் மிஷின் காட்டிய நேரத்தை நான் இரண்டு தரம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை அது ஓட வேண்டும். அக்கா விடியற்காலையில் பால் காய்ச்சுகிறார்.

நேரத்தைக் குறைக்க ஒரே வழிதான். கத்தி ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் விடும் இடைவெளியைக் கூட்ட வேண்டும். நெருக்கமாகப் போனால் கன்னம் வழவழவென்று வரும். தள்ளிப் போனால் சீக்கிரம் முடியும், ஆனால் ஏர் ஓட்டிய வயல்போல வரிவரியாகத் தெரியும். நான் செய்த எந்தச் சாமி முகத்திலும் வரி தெரிந்ததில்லை. லேப்டாப்பில் அந்த இடைவெளி எண்ணின்மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எண்ணைக் கூட்டி, கணக்கை மறுபடி ஓட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் மிஷின் நின்றது. புடவையையும் தாமரையையும் உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தேன். முகத்தில் கை வைக்கவில்லை. அவசரத்தில் தேய்த்தால் மூக்கு நுனி போய்விடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. நெற்றியிலிருந்து மோவாய் வரை மெல்லிய கோடுகள் அப்படியே இருந்தன. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் இன்னும் தெரியும். பலகையைச் சட்டத்தில் பூட்டி, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அதியமான்கோட்டையில் கதவை மாட்டிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் வந்துவிடப் பார்த்தேன். அக்கா விடவில்லை. காலையில் குடும்பத்தோடு வந்தே ஆக வேண்டும் என்றார்.

விடிந்தபோது மாவிலையும் மஞ்சளும் குங்குமமுமாகக் கதவு நின்றது. பசுவும் கன்றும் உள்ளே போய்வந்தன. பால் பொங்கியது. அக்கா வாடகை வீட்டுச் சாவியை முதல்நாளே கொடுத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாப்பிடுகிறவர்கள் பக்கம் ஒதுங்கி நின்றேன். வெயில் ஏறி, கிழக்கிலிருந்து நேராக லட்சுமியின் கன்னத்தில் விழுந்தது. ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லோரும் முகத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். விரல் வரியில் உரசுவதைப் பார்க்க எனக்கு நின்ற இடத்திலிருந்தே பல் கூசியது.

பொறுக்க முடியாமல் அக்காவிடம் போனேன்.

"அக்கா, ஆடி முடிஞ்சதும் ஒரு நாளைக்குப் பலகைய மட்டும் கழட்டிக் குடுங்க. மொகத்துல கோடு இருக்குது. நல்லா வழவழன்னு பண்ணிக் கொண்டாந்து மாட்டிர்றேன். காசு வேணாம்."

அக்கா லட்சுமியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கழட்டறதா? வந்து உக்காந்த லட்சுமிய வூட்ட வுட்டு வெளிய தூக்கிட்டுப் போறதா? நல்ல நாளும் அதுவுமா வாயில என்னா வருது பாரு." பக்கத்தில் நின்ற என் மனைவியிடம், "இந்த மனுசன் பேசாம இருந்தாத்தாம்மா நல்லாருக்கு" என்றார்.

"நானும் அதத்தான் சொல்றதுங்க" என்றார் மனைவி.

சேலத்துக்கு மரம் பார்க்கப் போகும்போதெல்லாம் பஸ் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறது. காலை வெயிலில் சாலையிலிருந்தே கோடு தெரிகிறது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை என்கிறார்கள். நான் பஸ்ஸில் அந்தப் பக்கத்துச் சன்னலோரம் உட்காருவதில்லை.